கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன கிறிஸ்டி நாவலும் அதன் படங்களும்

மாடிப்படி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

வீட்டுக்குச் சாயம் அடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் விழுந்து கிடந்த அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ கையில் கிடைத்தது. 1988இல் ஐந்தாம் படிவம் படிக்கும்போது சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டு ரிங்கிட்டுக்கு வாங்கியது. எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதைப் படித்தேன். வெளியே நல்ல மழை, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். முன்பின் அறியாத பத்துப் பேர் இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவு மாளிகைக்கு அழைக்கப்படுகிறார்கள். அழைத்தவரைக் காணோம். இரவு உணவு முடிந்ததும் கிராமபோன் தட்டிலிருந்து ஒரு குரல் எழுந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, நீ இன்னாரைச் சாகடித்தாய் என்று குற்றம் சாட்டுகிறது. அப்புறம் அறையில் மாட்டியிருக்கும் குழந்தைப் பாட்டில் உள்ள வரிசைப்படியே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒரு சாவுக்கு ஒரு பொம்மை வீதம் மேசையில் இருந்து காணாமல் போகிறது.

கடைசியில் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரிகள் இரண்டு பேர் உட்கார்ந்து, தீவில் பத்துப் பிணங்கள் இருக்கின்றன, உயிரோடு யாருமே இல்லை, அப்படியானால் இவர்களைக் கொன்றது யார் என்று கேட்கும் இடத்தில் என் புத்தகம் முடிந்துவிட்டது. அதுதான் முடிவு என்று நினைத்தேன். பிறகுதான் அட்டைக்கு முன்னால் சில பக்கங்கள் கிழிந்துபோன தடம் தெரிந்தது. நூலகத்தில் கேட்டால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், திரும்பி வரவில்லை. மூன்று மாதம் விடை தெரியாமலே இருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து பள்ளிக்கு வரும் நண்பனும் நானும் பெர்ரிப் படகில் போகும்போதெல்லாம் இதே பேச்சுதான். படகுக்காரன்தான் செய்தான் என்பான் அவன். பதினோராவது ஆள் ஒருவன் தீவில் ஒளிந்திருந்தான் என்று நான் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தேன்.

நாங்கள் இருவருமே தவறு. விடை முதல் அத்தியாயத்திலிருந்தே கண் முன்னால் இருந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலின் உயிர் அந்த முடிவில்தான் இருக்கிறது, படம் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் அந்த முடிவைக் கண்டு பயந்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த படங்களைப் பற்றி எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், கொலையாளியின் பெயரை யாரும் எழுதாதீர்கள். படிக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்

அண்ணே, நல்ல இழை. நான் படங்களிலிருந்து நாவலுக்கு வந்தவன், அதனால் பட வரிசையை நான் சொல்கிறேன்.

நாவல் வந்தது 1939இல். 1943இல் கிறிஸ்டியே அதை லண்டன் மேடைக்கு நாடகமாக எழுதினார், முடிவை மாற்றியதும் அவரேதான். அந்தக் குழந்தைப் பாட்டின் கடைசி வரிக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் கடைசி ஆள் தூக்கில் தொங்குகிறான், இன்னொன்றில் கல்யாணம் செய்துகொள்கிறான். நாவல் முதலாவதை எடுத்தது, நாடகம் இரண்டாவதை எடுத்தது. 1945இல் ரெனே கிளேர் ஹாலிவுட்டில் இயக்கிய படம் நாடகத்தின் வழியில் போனது. அதில் இரண்டு பேர் தப்பிக்கிறார்கள், தப்பிக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் மீதிருந்த குற்றத்தையும் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். ஆள் பிழைப்பதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். ஆனால் குற்றமே செய்யாதவர் அந்தத் தீவில் இருந்தால் கிராமபோன் குரலுக்கு என்ன மதிப்பு?

அப்புறம் 1965, 1974, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒரே தயாரிப்பாளர், ஹாரி ஆலன் டவர்ஸ், இதே கதையை மூன்று முறை எடுத்தார். முதலில் பனி மலை உச்சி, அடுத்து ஈரான் பாலைவனத்தில் ஒரு ஓட்டல், கடைசியில் ஆப்பிரிக்கக் காடு. இடம் மாறியதே தவிர முடிவு மாறவில்லை, மூன்றுமே நாடகத்தின் முடிவுதான். 1974 படத்தில் குற்றப்பட்டியல் வாசிக்கும் குரல் ஆர்சன் வெல்ஸுடையது. அந்தக் குரலுக்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

நாவலின் முடிவை அப்படியே வைத்த படம் 1987இல் சோவியத்திலிருந்து வந்தது. ஸ்தனிஸ்லாவ் கொவருஹின் இயக்கம், கிரிமியாவில் கடல் பாறை விளிம்பில் நிற்கும் ஒரு கோட்டையில் வைத்து எடுத்தார்கள். ரஷ்ய மொழி தெரியாமல் வரிவசனத்தோடு பார்த்தேன், பார்த்த அன்று இரவு விளக்கை அணைக்கவில்லை.

மீசைக்காரர் (கிள்ளான்)

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இதைத் துப்பறியும் நாவல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? துப்பறிவாளரே இல்லையே! நான் கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவோடு வளர்ந்தவன். டிவி தொடரில் டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை 70 கதைகளில் அந்த மனிதராகவே வாழ்ந்தார், அத்தனையும் பார்த்திருக்கிறேன். ஒரு கொலை நடந்தால் ஒருவர் வந்து, எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, இன்னது இப்படி நடந்தது என்று சொல்லும்போது மனம் அடங்குகிறது. கலைந்து போன வீட்டை ஒழுங்குபடுத்தியதுபோல இருக்கிறது. இந்தத் தீவுக் கதையில் போலீசில் இருந்த ஒருவர் இருக்கிறார், அவரும் குற்றவாளி, அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. விடையும் யாரும் கண்டுபிடித்து வருவதில்லை, தானாக வந்து சேர்கிறது. நாவல் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் படித்து முடித்ததும் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் இறங்கியதுபோல இருந்தது.

ஓய்வுபெற்ற டீச்சர் (பட்டர்வொர்த்)

மீசைக்காரர் தம்பி, துப்பறிகிறவர் இருக்கிறார். படிக்கிற நீங்கள்தான் அவர். உங்களிடம் ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் இந்த நாவலில் நான் இன்றைக்கும் வியக்கும் விஷயம்.

முதல் அத்தியாயத்தில் ரயிலிலும் காரிலும் வரும் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் கிறிஸ்டி நம்மை அழைத்துப் போகிறார். கொலையாளியின் மனதுக்குள்ளும்தான். அங்கே எழுதியிருப்பதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இரண்டாவது முறை படிக்கும்போது அந்த வரிக்கு வேறு பொருள் வருவதைப் பார்த்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்னால் இன்னொரு இடம் இருக்கிறது. மிச்சமிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள், அவர்கள் நினைப்பதை வரிசையாக எழுதுகிறார், எந்த நினைப்பு யாருடையது என்று மட்டும் சொல்வதில்லை. அவற்றில் ஒன்று கொலையாளியின் நினைப்பு. இதை எந்தக் காமிராவாலும் காட்ட முடியாது. காமிரா முகத்தைக் காட்டியாக வேண்டும், குரல் வந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். எழுத்தில் மட்டுமே முடிகிற வித்தை அது.

சாவின் வரிசையையும் கவனியுங்கள். குற்றம் லேசாக உள்ளவர்கள் முதலில் போகிறார்கள். பயத்தோடு அதிக நேரம் காத்திருப்பதே தண்டனை என்று கொலையாளி கணக்குப் போட்டிருக்கிறார். நான் வகுப்பில் இந்த நாவலைப் பேசும்போது பிள்ளைகளிடம் பத்துப் பேரையும் குற்றத்தின் கனத்தை வைத்து வரிசைப்படுத்தச் சொல்வேன். ஒரு வருஷம்கூட இரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையைக் கொடுத்ததில்லை.

செந்தூல் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையைப் பார்த்துத்தான் நேற்று புத்தகத்தை வாங்கினேன், இப்போது பாதியில் இருக்கிறேன். வயதான ஜெனரல் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நாம் யாரும் இங்கிருந்து போகப்போவதில்லை என்று அமைதியாகச் சொல்கிறாரே, அந்த இடத்தில் எனக்குக் கழுத்துப் பின்னால் சிலிர்த்துவிட்டது. மற்றவர்கள் பயந்து ஓடுகிறார்கள், இவர் மட்டும் ஓய்வுக்குக் காத்திருப்பதுபோல இருக்கிறார். தயவுசெய்து பெயர் சொல்லிவிடாதீர்கள். எனக்கு டாக்டர் மேல் சந்தேகம்.

மாடிப்படி

தங்கச்சி, சந்தேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம்.

தீவைப் பற்றி ஒன்று. கிறிஸ்டியின் மனதில் இருந்தது டெவனில் உள்ள பர்க் தீவு என்பார்கள். நிஜத்தில் அங்கே கடல் வற்றும் நேரத்தில் மணலில் நடந்தே போய்விடலாம். எனக்கோ அந்த வயதில் தீவு என்றால் எங்கள் பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரெஜாக்தான். முதலில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த இடம், பிறகு கப்பலில் வருகிறவர்களைத் தடுத்து வைத்த இடம், 1969 முதல் 1993 வரை சிறை. நான் நாவலைப் படித்தபோது அங்கே கைதிகள் இருந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் பச்சையாக, பக்கத்தில்தான் தெரியும், ஆனால் அங்கிருந்து யாரும் சும்மா வந்துவிட முடியாது. தூரம் இல்லை, வழிதான் இல்லை. கிறிஸ்டி எழுதிய தீவும் அப்படித்தான். அடிக்கிற காற்றும் வராத படகும் போதும், ஆளை அடைக்க வேறு சுவர் வேண்டாம்.

தோட்டத்துப் பேரன் (ஷா ஆலம்)

இழையை மெளனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் குற்றத்தின் கனத்தைப் பற்றி எழுதியதால் வருகிறேன்.

பத்துப் பேரில் லொம்பார்ட் என்று ஒருவன். படங்களில் அவனைத்தான் அழகான, துணிச்சலான நாயகனாகக் காட்டுகிறார்கள். அவன் மேல் உள்ள குற்றச்சாட்டு என்ன? கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டில் வழி தவறியபோது, கூட வந்த 21 பேரைச் சாகவிட்டு, இருந்த உணவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். கேட்டதும் அவன் ஒருவன்தான் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறான். தன் உயிர்தான் முதல் கடமை என்கிறான், அந்த மக்கள் சாவைப் பெரிதாக நினைப்பதில்லை என்றும் சொல்கிறான். மற்ற ஒன்பது பேரால் செத்தவர்களுக்குக் கிராமபோன் தட்டில் பெயர் உண்டு. இந்த 21 பேருக்குப் பெயர் கிடையாது. எண்ணிக்கைதான்.

என் தாத்தாவின் அண்ணனைத் தோட்டத்திலிருந்து, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாட்டி ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்துப் படைப்பார். மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களுக்கு அந்தப் பாதையில் நடந்தது இதுதான், பெயர் போய் எண்ணிக்கையாக நின்றுவிட்டார்கள். அதனால் அந்த 21 என்ற எண் வரும்போது என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நாவல் அவர்களைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை என்பது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. ஆனால் தட்டில் அவர்களையும் சேர்த்தார் கிறிஸ்டி, அவர்களுக்கும் பழி தீர்க்க ஒருவர் கிளம்புவதாக எழுதினார். 1939இல் லண்டனில் அதைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சாவுகளைக் கொலை என்று நினைத்திருப்பார்கள்?

இங்கிலாந்தில் முதலில் வந்த தலைப்பிலும் பாட்டிலும் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பு ஆரம்பத்திலேயே அதை மாற்றியது, இப்போது ஆங்கிலப் பதிப்புகளில் சிப்பாய்கள்தான். மாற்றியது சரி. கதைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, உங்கள் பாட்டியின் வேட்டியை நான் மறக்கமாட்டேன்.

நீங்கள் சொன்ன இடத்தை ஒட்டியே இன்னொரு இடம். அந்த 21 பேரைப் பற்றிப் பேச்சு வரும்போது இளம்பெண் வீரா, அவர்கள் வெறும் உள்ளூர் ஆட்கள்தானே என்கிறாள். உடனே எமிலி பிரென்ட், கறுப்போ வெளுப்போ அவர்கள் நம் சகோதரர்கள் என்று கடிந்துகொள்கிறாள். அறத்தைப் பேசுகிற இந்த அம்மாள் யார்? வயிற்றில் பிள்ளையோடு நின்ற வேலைக்காரப் பெண்ணை வீட்டை விட்டு விரட்டி, அவள் ஆற்றில் விழுந்து செத்த பிறகும் என் மேல் தவறே இல்லை என்று பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பவள். சரியான வார்த்தையைத் தவறான வாயில் வைத்தார் கிறிஸ்டி. என் மாணவிகள் பெரும்பாலும் இவளைத்தான் வரிசையின் உச்சியில் வைப்பார்கள். கொலையாளி அப்படி வைக்கவில்லை. அதில் எனக்கும் கொலையாளிக்கும் உடன்பாடு இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்

பேரன் அண்ணே, நீங்கள் 2015 பிபிசி தொடரைப் பார்க்க வேண்டும். சேரா பெல்ப்ஸ் எழுதியது, மூன்று பகுதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். லொம்பார்டாக ஏடன் டர்னர். அதில் 21 பேரைச் சாகவிட்டான் என்பதோடு நிற்கவில்லை, வைரத்துக்காகக் கொன்றான் என்று காட்டுகிறார்கள். அழகான நாயகன் என்ற பூச்சு கழன்று விழுகிறது. நாவலில் வாக்கியமாக வந்துபோகும் பழைய குற்றங்களை இதில் கண்ணால் பார்க்கிறோம். செத்தவர்களுக்கு முகம் கிடைக்கிறது.

என்னைப் பொறுத்தவரை ஆங்கிலத்தில் வந்ததில் இதுதான் சிறந்தது. ஆனாலும் அந்த முடிவில் ஒரு குறை இருக்கிறது. செந்தூல் தங்கச்சிக்காக மூடி மறைத்தே சொல்கிறேன். நாவலில் கடைசி ஆளின் கடைசி நிமிடத்தில் எதிரில் யாரும் இல்லை, குற்ற உணர்ச்சி ஒன்றுதான் இருக்கிறது. தொடரிலோ கொலையாளி உள்ளே வந்து நின்று பேசுகிறார். நடிப்பு பிரமாதம், மூச்சு விட முடியவில்லை. ஆனால் அதனால் விடை அந்த அறையிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. மாடிப்படி அண்ணன் மூன்று மாதம் தவித்தாரே, அந்தத் தவிப்பு பார்ப்பவனுக்குக் கிடைப்பதில்லை.

மீசைக்காரர்

சரி, ஒரு விஷயத்தில் இறங்கி வருகிறேன். டீச்சர் சொன்னதைக் கேட்டு முதல் அத்தியாயத்தை மட்டும் நேற்று இரவு மறுபடி படித்தேன். நியாயமாகத்தான் விளையாடியிருக்கிறார். 1965 படத்தை இப்போது நினைத்துக்கொண்டேன். அதில் கடைசிக்கட்டத்தில் படத்தை நிறுத்தி, கொலையாளி யார் என்று அரங்கில் உள்ளவர்கள் யோசிக்க ஒரு நிமிடம் கடிகாரம் ஓடவிட்டார்கள். வாசகர்தான் துப்பறிகிறவர் என்பதை அந்தத் தயாரிப்பாளரும் புரிந்துவைத்திருக்கிறார். இருந்தாலும் எனக்குப் புவாரோதான் வேண்டும், அதை மாற்ற முடியாது.

மாடிப்படி

நம் படத்தை யாரும் சொல்லவில்லையே! 1970இல் வந்த ‘நடு இரவில்’. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, நடித்து, இசையும் அவரே. மேஜர் சுந்தர்ராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி. ஒரு தீவு பங்களா, கூடியிருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். 1954லேயே பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்துக் காட்டிய மனிதர், இந்தக் கதையைத் தொட்டதில் ஆச்சரியமில்லை. இருட்டை எப்படிப் பயன்படுத்துவது, சத்தமில்லாத இடத்தை எப்படி நீட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் அம்மா இந்தப் படத்தைப் பார்த்த பிறகு பின்கட்டுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததாக அப்பா சொல்வார்.

கிறிஸ்டி அழைத்தது பத்து அந்நியர்களை. பாலசந்தரின் பங்களாவுக்கு வருகிறவர்கள் பணக்காரரின் சொந்தக்காரர்கள். நாவலின் பயம் பக்கத்தில் இருப்பவன் யாரென்றே தெரியாததால் வருகிறது. நம் படத்தின் பயம் பக்கத்தில் இருப்பவனை நன்றாகத் தெரிந்ததால் வருகிறது, சொத்துக்காகக் கூடிய உறவு என்ன செய்யும் என்று பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெறும் தழுவல் என்று தள்ளிவிட முடியாது, கதையை நம் வீட்டுக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற டீச்சர்

அதற்கு ஐந்து வருஷம் முன்னால் இந்தியில் ‘கும்நாம்’ வந்தது, மனோஜ் குமார், நந்தா, மெஹ்மூத். பாட்டெல்லாம் அருமை, முகமது ரஃபியின் குரலில் அந்த முதல் நடனப் பாட்டுக்கு இப்போதும் கால் ஆடும். ஆனால் பயம் வர ஆரம்பிக்கும்போதெல்லாம் பாட்டு வந்து காப்பாற்றிவிடுகிறது. பாலசந்தர் அப்படிக் காப்பாற்றுவதில்லை. நான் அவர் பக்கம்.

செந்தூல் வாசகி

படித்து முடித்துவிட்டேன்! இப்போது விடிகாலை 3 மணி. டாக்டர் மேல் போட்ட சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.

மாடிப்படி ஐயா, உங்கள் புத்தகம் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் நானும் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். அரை மணி நேரம்தான் தாங்க முடிந்தது, அப்புறம் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நீங்கள் எப்படி மூன்று மாதம் இருந்தீர்கள்? எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாற்காலி. கடைசி ஆள் உதைத்துத் தள்ளிய நாற்காலியைப் போலீஸ் வந்து பார்க்கும்போது சுவரோரம் ஒழுங்காக நிமிர்த்தி வைத்திருக்கிறது. அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியில் வீடே குளிர்ந்துபோனது. அப்புறம் அந்தக் கண்ணாடிப் போத்தல், அதில் இருந்த கடிதம். இத்தனை கச்சிதமாகத் திட்டம் போட்டவருக்கு, தன் திறமையை ஒருவராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்க முடியவில்லை. கடலில் போட்டுவிட்டுப் போகிறார். தூக்கத்தை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

தோட்டத்துப் பேரன்

அந்த நாற்காலியை நான் கவனிக்காமல் போய்விட்டேன். இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன். பிபிசி தொடரும் வார இறுதியில் பார்த்துவிடுவேன்.

மாடிப்படி

தங்கச்சி, எனக்கு வேறு வழியில்லாததால் இருந்தேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் பத்துப் பேரின் பெயரும், யார் எந்த அறையில் இருந்தார்கள், யார் எப்போது தனியாக இருந்தார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். நூலகப் பிரதி கிடைத்து, மீனவர்கள் கண்டெடுத்த போத்தல் என்று வாசித்தபோது கை நடுங்கியது. பெர்ரியில் நண்பனிடம் கொண்டுபோய்க் காட்டினேன், இரண்டு பேரும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பட்டர்வொர்த்துக்கே திரும்பப் போய்விட்டோம்.

அக்கா மகளுக்குப் பதினாறு வயது, டிசம்பர் விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து வருகிறாள். இந்தக் கிழிந்த பிரதியைத்தான் கொடுக்கப்போகிறேன். கடைசிப் பக்கங்களை வேறொரு பிரதியிலிருந்து நகலெடுத்து ஓர் உறையில் ஒட்டி வைத்தாயிற்று. அவள் தன் விடையை எழுதிக் கொடுத்த பிறகுதான் உறை அவள் கைக்குப் போகும்.